குறையும் கூரையும்

ஈசூனில் மழை.
புளோக்கின் கீழ்த்தளத்தில் சாரல் எட்டாத இடமாகப் பார்த்து
நாற்காலிகளை இழுத்துப் போட்டோம்.
திங்கட்கிழமை, இரவு ஏழரை, மக்கள் சந்திப்பு.
பகலில் ஜூரோங்கில் சரக்குக்குக் கணக்கெழுதுகிறேன்.
இங்கே என் வேலை கடிதம் தட்டுவது.
'குறை' என்று தட்டப்போனால்
விரல் தவறிக் 'கூரை' என்று விழும்.
பல நாள் இரண்டும் ஒன்றுதான்.

அன்று பக்கத்தில் ஒரு விருந்தாளி.
நோரீன் டெவனி, அயர்லாந்து நாடாளுமன்றத்தின் உறுப்பினர்.
கூட வந்த குழு மரீனா பேயில் நண்டு உடைத்துக்கொண்டிருக்க
இவர் கேட்டு வாங்கிக்கொண்டு இங்கே வந்தாராம்,
காலணி முழுக்கத் தண்ணீர்.
"எனக்குச் சனிக்கிழமை," என்றார்,
"மதுக்கடையின் பின்னறையில்.
உள்ளே வருபவர்கள் முதலில் வானிலை பேசுவார்கள்.
பிறகுதான் கடன்."

எண் முப்பத்தெட்டு, அஞ்சுகம்.
மேல்வீட்டுக் குளியலறை
அவர் சமையலறைக்குள் குளிக்கிறது, எட்டு மாதமாக.
உதிர்ந்த சுண்ணாம்பை முறுக்கு டப்பாவில் அடைத்து
சாட்சி போலக் கொண்டுவந்திருந்தார்.
நோரீன் மூடியைத் திறந்து முகர்ந்தார்,
கண்ணை மூடிக்கொண்டார்.
"இதே வாடை," என்றார்.
நான் மொழிபெயர்க்கவில்லை.
அஞ்சுகம் தலையாட்டிவிட்டார்.

முப்பத்தொன்பது, ரோஸ்லான், டாக்சி.
மகளுக்கு மூச்சிரைப்பு மருந்து வாங்க
ஐந்தே நிமிடம் நிறுத்தியதற்கு அபராதம்.
'ஐந்து' என்று தட்டினேன்.
திரையை எட்டிப் பார்த்து,
"பன்னிரண்டு," என்று அவரே திருத்தினார்.

நாற்பது வரவில்லை.

நாற்பத்தொன்று, மாயழகு.
வலது கையில் கட்டு, மூன்று மாதச் சம்பளம் பாக்கி,
முகவரி துவாஸ் விடுதி.
எங்கள் தொகுதி இல்லை. எந்தத் தொகுதியிலும் வாக்கில்லை.
படிவத்தில் அஞ்சல் குறியீட்டுக் கட்டம்
சிவப்பாகிச் சிவப்பாகி நின்றது.
"என்ன தடை?" என்றார் நோரீன். சொன்னேன்.
"என் அண்ணன்மார் மூவர்
பாஸ்டனில் கூரை போட்டார்கள், காகிதமில்லாமல்.
பதினோரு குளிர்காலம்.
அவர்கள் யார் தொகுதி என்று
அம்மா என்னிடம்தான் கேட்பாள்,
நான் எந்த உறுப்பினரும் ஆகாத வயதில்."

எங்கள் உறுப்பினர் திருவாட்டி தோ
அப்போதுதான் நாடாளுமன்றத்திலிருந்து வந்திருந்தார்.
மதியம் முழுக்கக் கோடிகளில் பேசிய தொண்டை,
பார்லித் தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தது.
கட்டைப் பார்த்தார், சிவப்புக் கட்டத்தைப் பார்த்தார்.
"நம் புளோக் எண்ணைப் போட்டுவிடாதே. பொய் வேண்டாம்.
'இவர் என்னைப் பார்க்க வந்தார்' என்று தொடங்கு.
அது உண்மை."

தொடங்கினேன்.
அந்த ஒரு வரியில் மாயழகு உட்கார்ந்தார்,
நாற்காலியின் நுனியிலிருந்து முழு நாற்காலிக்கு.

பதினொன்றே முக்கால். நாற்காலிகளை அடுக்கினோம்.
நோரீன் நான்கு நான்காக, பழகிய கை.
"என் கடிதங்களில் பாதிக்கு வரும் பதில்
'கவனத்தில் கொள்ளப்பட்டது'," என்றார்.
திருவாட்டி தோ சிரித்துப் புரைக்கேறினார்.
இங்கும் அதே வாசகம், அதே கையெழுத்தாகக்கூட இருக்கலாம்.

டிசம்பரில் ஓர் அஞ்சலட்டை, சாம்பல் நிற ஏரி.
பின்புறம் இரண்டே கேள்வி:
நாற்பத்தொன்றின் சம்பளம்? டப்பாக்காரியின் கூரை?

எழுதினேன்:
இரண்டு மாதம் வந்தது, ஒரு மாதம் பாக்கி.
கூரை காய்ந்துவிட்டது.
இன்றிரவு அஞ்சுகத்தின் கீழ்வீட்டுக்காரர் வந்திருக்கிறார்,
கையில் ஒரு டப்பா.
எண் பதினேழு.
கூப்பிடப் போகிறேன்.